கதையும் கணக்கும்: சமண ஆசிரியர் காட்டிய வழி

தக்கலை வட்டாரத்தார் நன்கறிந்த சிதறால் மலை, முன்னாளில் திருச்சாரணத்துமலை எனப் பெயர் பெற்றிருந்தது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்தியார் அங்குப் பொன்னணி வழங்கியதைக் கல்வெட்டு கூறுகிறது. குரத்தி என்பது ஆசிரியையைக் குறிக்கும் சொல். முனிவர் உறைவிடமாகிய பள்ளியின் பெயரே இன்று கல்விக்கூடத்துக்கும் வழங்குகிறது. கற்பித்தலை அறமாகப் போற்றிய அம்மரபினர் கணிதத்தை எவ்வாறு கற்பித்தனர்?

கி.பி. 850 அளவில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீராசாரியார் 'கணிதசாரசங்கிரகம்' என்னும் நூலை வடமொழிச் செய்யுளில் இயற்றினார். ரங்காசாரியார் 1912இல் சென்னையில் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். அதில் கணக்குகள் பல கதைகளாகவே வருகின்றன.

வணிகர் மூவர் வழியில் ஒரு பணப்பையைக் கண்டனர். "இது எனக்குக் கிடைத்தால், உங்கள் இருவர் கைப்பொருளையும் சேர்த்ததைப்போல் இருமடங்கு என்னிடம் இருக்கும்" என்றான் முதல்வன். மும்மடங்கு என்றான் இரண்டாமவன்; ஐம்மடங்கு என்றான் மூன்றாமவன். எனின், ஒவ்வொருவர் கையிலும் எவ்வளவு? பையில் எவ்வளவு?

கையிருப்பு முறையே 1, 3, 5, பையில் 15. இவற்றை இரட்டித்து 2, 6, 10, 30 எனக் கொண்டாலும் கதை பொருந்தும். ஒரு வினாவுக்கு விடைகள் பல இருக்கலாம் என்பதை மாணவர் தாமே காண்பர். பிறர் பொருளைக் கண்டதும் மூவரும் அதைத் தமதாகவே எண்ணியது ஏன் என்று ஆசிரியர் வினவினால், மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதமும் அங்கே விளங்கும்.

தமிழில் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' இவ்வழியில் செல்வது. பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்கிறது அந்நூல். முட்கள் 100 எனில் சுளைகள் 120. பலா மலிந்த நம் மாவட்டத்தில் பழத்தை அறுத்து இவ்விதியைச் சோதிக்கலாம். விடை பொருந்தாவிடினும், எண்ணிச் சரிபார்க்கும் பழக்கம் வாய்க்கும்.

சமண ஆகமங்களை நான்கு அநுயோகங்களாக வகுப்பர். அவற்றுள் பிரதமாநுயோகம் சரிதங்களைச் சொல்வது. கரணாநுயோகம் உலக அமைப்பையும் கால அளவையும் கணக்கிட்டுரைப்பது. கதையையும் கணக்கையும் ஒரே அறநெறியின் உறுப்புகளாக நம் முன்னோர் கொண்டனர். நாமோ அவற்றை வெவ்வேறு பாடவேளைகளில் அடைத்துவிட்டோம். கணக்கு என்றாலே அஞ்சும் பிள்ளைகளும், தமிழ்க் கதை கேட்க நேரமில்லாப் பிள்ளைகளும் நம் இல்லங்களில் உளர். இருசாரார்க்கும் மருந்து ஒன்றே. இவ்விடுமுறையில் பாட்டிமார் சொல்லும் கதைகளுள் அந்த வணிகர் மூவரும் இடம்பெறட்டும். விடையைப் பிள்ளைகள் கண்டு சொல்லட்டும்.