100 மீட்டர் கட்டடம் எத்தனை வினாடியில் விழும்? நொய்டா கோபுரங்கள் காட்டிய கணக்கு

2022 ஆகஸ்ட் 28, மதியம் 2.30 மணி. நொய்டாவில் விதிகளை மீறிக் கட்டப்பட்ட சூப்பர்டெக் இரட்டைக் கோபுரங்கள், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி தகர்க்கப்பட்டன. ஒன்று 32 மாடி, இன்னொன்று 29 மாடி. வெடிமருந்து சுமார் 3,700 கிலோ. டிவியில் பார்த்தவர்களுக்கு, வெடிதான் கட்டடத்தைத் தூளாக்கியது போலத் தோன்றியிருக்கும். உண்மையில் வெடியின் வேலை தூண்களை உடைப்பது, அவ்வளவுதான். மிச்சத்தைக் கட்டடத்தின் சொந்த எடையே பார்த்துக்கொள்ளும்.

தடையே இல்லாமல் விழுந்தால்?

கையிலிருந்து ஒரு கல்லை விட்டால் முதல் வினாடியில் 4.9 மீட்டர் இறங்கும். 2 வினாடி முடியும்போது 19.6 மீட்டர், 3 வினாடியில் 44 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டால், கல்லோ கான்கிரீட் பாளமோ எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கனமாக இருப்பதால் சீக்கிரம் விழுந்துவிடாது. இதற்குப் பெயர் தடையற்ற வீழ்ச்சி. 100 மீட்டர் உயரத்திலிருந்து விட்ட கல் தரையைத் தொட சுமார் 4.5 வினாடி ஆகும்.

நொய்டா கோபுரங்களும் கிட்டத்தட்ட 100 மீட்டர்தான். ஆனால் முதல் வெடியிலிருந்து எல்லாம் அடங்க 9 வினாடி வரை ஆனது. ஏன் இரண்டு மடங்கு?

வெடிகள் ஒரே நேரத்தில் வெடிக்கவில்லை. வரிசையாக, சின்னச் சின்ன இடைவெளியில் வெடித்தன. மொத்த எடையும் ஒரே அடியாகத் தரையில் மோதினால் அதிர்வு பயங்கரமாக இருக்கும். பக்கத்துக் குடியிருப்புக் கட்டடம் இருந்தது வெறும் 9 மீட்டர் தூரத்தில்! அடுத்து, மேல்மாடி இறங்கும்போது கீழே மிச்சமிருக்கும் தூண், தளம் எல்லாவற்றையும் நொறுக்கிக்கொண்டே வரணும். நொறுக்க ஆற்றல் செலவாகும், வேகம் குறையும்.

விழும்போது ஜன்னல் வழியாகப் புழுதி பீய்ச்சி அடிக்குமே, அதெல்லாம் வெடி இல்லை. இரண்டு தளத்துக்கு நடுவில் இருக்கும் காற்று நசுங்கி வெளியே பாய்வதுதான்.

'சீட்டுக்கட்டு போல சரிந்தது' என்று தலைப்பு போடுவது வழக்கம். சீட்டு சாயும், உயரமான கட்டடம் பெரும்பாலும் சாய்வதில்லை. மரம் போல ஒரு பக்கம் சாய வேண்டுமானால், அந்தப் பக்கத் தூண்கள் மட்டுமே முழு எடையையும் தாங்கணும். அதற்குள் அவையும் நசுங்கிவிடும். அதனால் நேராகக் கீழேதான்.

நியூயார்க்கில் நடந்தது என்ன?

2001 செப்டம்பர் 11 மாலை, 47 மாடி கொண்ட உலக வர்த்தக மையத்தின் 7-வது கட்டடம் விழுந்தது. அதில் விமானம் மோதவில்லை. வீடியோவை அளந்து பார்த்ததில், நடுவில் 2.25 வினாடி தடையற்ற வீழ்ச்சி தெரிந்தது. 'அப்போ குண்டு வைத்திருக்காங்க' என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. தடையற்ற வீழ்ச்சி சொல்வது, அந்த நொடியில் கீழே தாங்க எதுவும் இல்லை என்பதை மட்டுமே. தாங்கியது எப்படிப் போனது என்பதை அல்ல. அமெரிக்க அரசின் என்.ஐ.எஸ்.டி நிறுவனம் 2008-ல் தந்த விளக்கம் இது: தீயின் சூட்டில் உத்திரங்கள் விரிந்து உள்ளே ஒரு முக்கியத் தூண் போனது; உட்பகுதி முதலில் சரிந்தது; கடைசியில் வெளித்தூண்கள் வளைந்தன. அவை வளைந்த பிறகு வந்ததுதான் அந்த 2.25 வினாடி. அதற்கு முன்னும் பின்னும் முடுக்கம் குறைவே.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் தானாகவே விழுந்ததில் 61 பேர் இறந்தனர். அதே வளாகத்தில் மிச்சமிருந்த இன்னொரு 11 மாடி, 2016 நவம்பர் 2 அன்று சுற்றியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு வெடி வைத்து இறக்கப்பட்டது.