பொஸ்டன் அச்சகத்தில் ஒரு கண்டி மன்னன்

எலுவன்குளத்தில் மாரி காலத்து வெள்ளம் மேவிப் பாயும் சப்பாத்துப் பாலத்தால் கலா ஓயாவைக் கடந்தால், பழைய மன்னார் வீதி வில்பத்துக் காட்டுக்குள் நுழைகிறது. மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாகப் போனால் அரிப்பு. ஒல்லாந்தர் கோட்டையின் இடிந்த சுவர்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. அமெரிக்கக் குடியரசின் முதல் அரசியல் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகங்களில் இந்தக் கரையோடு தொடர்புள்ள ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு மூலம், அரிப்புக் கோட்டைக்கு உயிர்தப்பி வந்துசேர்ந்த ஒரு கைதி.

1660இல் கொட்டியாரக் குடாவில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் ஆட்களைக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்தார்கள். கப்பல் தலைவரின் மகன் றொபேர்ட் நொக்சுக்கு அப்போது 19 வயது. அடுத்த ஆண்டே தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகன் மலைக் கிராமங்களில் தொப்பி பின்னினான், நெல்லைக் கடன் கொடுத்தான், ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்தான். அந்த வியாபாரம்தான் அவனுக்கு வழிகளைக் காட்டிக்கொடுத்தது. 1679இல் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழனோடு அனுராதபுரம் வந்தான். அங்கிருந்தவர்கள் தமிழர்கள்; இவர்கள் கற்றிருந்த சிங்களம் அங்கே உதவவில்லை. அதன்பின் மல்வத்து ஓயாதான் துணை. நம்மவர்கள் அருவியாறு என்பது அதன் கீழ்ப்பகுதியை. யானைக் காட்டினூடே ஆற்றங்கரை பிடித்து நடந்தார்கள். முடிவில் மரத்தடியில் சோறு சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பிராமணர்களைக் கண்டார்கள். அவர்களில் ஒருவர் வழிகாட்ட இசைந்தார். நொக்ஸ் கொடுத்தவற்றில் ஒரு சிவப்புத் தொப்பியும் இருந்தது. ஒக்டோபர் 18 அன்று அரிப்பு.

1681இல் லண்டனில் அவனுடைய இலங்கை வரலாறு அச்சானது. அதை வாசித்தவர்களில் ஒருவர் தத்துவஞானி ஜோன் லொக். 1689இல் வெளிவந்த அவருடைய அரசாங்கம் பற்றிய நூலின் இரண்டாம் பகுதி, 92ஆம் பிரிவைப் பாருங்கள். கட்டற்ற முடியாட்சி குடிகளை எப்படிக் 'காக்கும்' என்று அறிய விரும்புபவர், அண்மையில் வந்த இலங்கை நூலைப் பார்க்கட்டும் என்கிறார். நொக்சின் பெயர் அங்கே இல்லை. இலங்கை இருக்கிறது.

1773இல் பொஸ்டனில் ஈட்ஸ், கில் என்ற இரு அச்சகத்தார் அந்த இரண்டாம் பகுதியைத் தனி நூலாக வெளியிட்டார்கள். அமெரிக்க மண்ணில் அதன் முதல் பதிப்பு அதுதான். அதே ஆண்டு டிசம்பரில் அந்த நகரத் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. நொக்சின் தகப்பன் கப்பலோட்டியதும் அதே கம்பெனிக்குத்தான். மூன்று ஆண்டுகளில் சுதந்திரப் பிரகடனம் வந்தது. அதை வரைந்த தோமஸ் ஜெபர்சன் லொக்கைத் தம் ஆசான்களில் ஒருவராகவே கருதினார். 1814இல் பிரித்தானியப் படை வொஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தை எரித்தபின், ஜெபர்சன் தம் 6,487 நூல்களையும் 23,950 டொலருக்கு நாட்டுக்குக் கொடுத்தார். இன்றைய காங்கிரஸ் நூலகம் அந்தத் தொகுப்பின்மேல் எழுந்தது.

லொக்கின் வாசிப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கொடுங்கோலனை எடுத்துக்கொண்டவர், அவன் குடிகளை விட்டுவிட்டார். 1664இல் அம்பன்வெல ராலவும் கூட்டாளிகளும் நில்லம்பையில் இராசசிங்கனின் அரண்மனைமீது நள்ளிரவில் பாய்ந்தார்கள். மன்னன் மலைக்குத் தப்பினான். சிறுவனான இளவரசனை அரசனாக்கப் பார்த்தார்கள். அவனோ தகப்பனிடமே போய்விட்டான். கலகம் சிதைந்தது. பிடிபட்ட அம்பன்வெலவை, சித்திரவதை செய்து கொல்வார்கள் என்று நம்பி மன்னன் ஒல்லாந்தரிடம் அனுப்பினான். அவர்கள் அவரை உயிரோடு விட்டார்கள்.

கொடுமை பொறாத மக்கள் அரசனை எதிர்க்கலாம் என்று லொக் வாதாடுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே கண்டியில் அது நடந்துவிட்டது. லொக் கையில் வைத்திருந்த நூலிலேயே அதற்கென்று தனி அத்தியாயம் உண்டு. நம் பல்கலைக்கழகங்களில் அரசறிவியல் படிக்கும் பிள்ளைகள் லொக்கின் 92ஆம் பிரிவோடு நொக்சின் இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆசிரியர்கள் அதைப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.