சீட்டு மேசையில் ஓர் ஆட்சி மாற்றம்

ஒரு சீட்டுக்கட்டை எடுத்து நன்றாகக் கலைத்து, உங்களுக்கு ஐந்து சீட்டும் எதிரே இருப்பவருக்கு ஐந்து சீட்டும் போடுங்கள். உங்கள் சீட்டுகளைப் பார்த்துக்கொள்ளலாம்; அவருடையதைப் பார்க்கக்கூடாது. அவர் கையில் என்னென்ன இருக்கக்கூடும்? நீங்கள் காணாத 47 சீட்டுகளிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 15,33,939 வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சீட்டாட்ட விடுதிகளில் பல்லாண்டுகள் ஆடப்பட்ட 'டிரா போக்கர்' இத்தகைய ஆட்டமே. ஐந்து சீட்டுகளும் மூடியே இருக்கும். முதலில் ஒரு சுற்றுப் பந்தயம். பிறகு வேண்டாத சீட்டுகளைப் போட்டுவிட்டுப் புதியவை வாங்கிக்கொள்ளலாம். மீண்டும் ஒரு சுற்றுப் பந்தயம், அத்துடன் முடிந்தது. எதிரி எத்தனை சீட்டு மாற்றினார் என்பதும், எவ்வளவு துணிந்து பந்தயம் கட்டினார் என்பதுமே உங்களுக்குக் கிடைக்கும் தடயங்கள்.

இந்த ஆட்டம் அங்கே நிலைத்ததற்குச் சட்டமே காரணம். அம்மாநிலத்தில் தடை செய்யப்பட்ட சூதாட்டங்களின் பட்டியலில் 1885 இல் 'ஸ்டட் ஹார்ஸ் போக்கர்' என்ற பெயர் சேர்க்கப்பட்டது. டிரா போக்கர் பட்டியலில் இல்லை. இந்த இடைவெளியில்தான் லாஸ் ஏஞ்சலீசுக்கு அருகிலுள்ள கார்டீனா என்னும் சிற்றூரில் 1936 முதல் சீட்டாட்ட விடுதிகள் முளைத்தன. அங்கே விடுதிக்காரர் பந்தயத்தில் சேரமாட்டார். அரை மணிக்கு இவ்வளவு என்று இருக்கை வாடகை வாங்கிக்கொள்வார். சீட்டைக் கலைத்துப் போடுவதுகூட ஆடுபவர்களின் வேலைதான்!

இதற்கிடையே டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்த வேறோர் ஆட்டம், 'ஹோல்டெம்', 1960 களில் லாஸ் வேகாஸ் நகருக்கு வந்து சேர்ந்தது. இதில் ஒவ்வொருவருக்கும் மூடிய சீட்டு இரண்டே. மேசை நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் முதலில் மூன்றாகவும், பிறகு ஒவ்வொன்றாகவும் திறக்கப்படும். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவருக்கு வெற்றி. பந்தயச் சுற்றுகள் இரண்டல்ல, நான்கு.

கலிபோர்னியாவில் இதை ஆட முடியவில்லை. சீட்டுகள் திறந்து வைக்கப்படுவதால் இதுவும் தடை செய்யப்பட்ட 'ஸ்டட்' இனத்தைச் சேர்ந்ததே என்று கருதப்பட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது. ஸ்டட் ஹார்ஸ் வேறு, ஹோல்டெம் வேறு என்ற முடிவு 1987 இல் கிடைத்தது. 1990 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நம் நாட்டிலும் 1967 இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று கூறியது உங்களில் சிலருக்கு நினைவு வரலாம். ஒரு சீட்டாட்டத்தின் தலையெழுத்தை எத்தனையோ முறை நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள்.

கதவு திறந்ததும் டிரா போக்கர் மேசைகள் குறைந்து, ஹோல்டெம் மேசைகள் பெருகின. ஏன்? எதிரியின் மூடிய சீட்டுகள் இரண்டே ஆதலால், ஐந்து பொதுச் சீட்டுகளும் திறந்த பின் அவர் கையில் இருக்கக்கூடியவை 990 இணைகள்தாம். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அந்த எண்ணிக்கை 1,225 மட்டுமே. பதினைந்து இலட்சத்தை மனத்தில் வைத்து ஆராய மனிதனால் ஆகாது. ஆயிரத்தைக் கூறு போட்டு ஆராயலாம். 1,225 என்பது 1,081 ஆகவும், 1,035 ஆகவும், பிறகு 990 ஆகவும் மெல்லத்தான் குறைகிறது. மற்ற கழித்தலையெல்லாம் நான்கு சுற்றுப் பந்தயங்களைக் கவனித்து நாமே செய்ய வேண்டும். இயற்பியல் சோதனையில் ஒவ்வோர் அளவீட்டுக்குப் பிறகும் பொருந்தாத கருதுகோள்களை விலக்குகிறோமே, அதே வேலைதான்.

விடுதிக்காரருக்கும் ஒரு கணக்கு இருந்தது. டிரா ஆட்டத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் முதலிலேயே 40 சீட்டுகள் போய்விடும். மாற்றுவதற்கு மீதி 12 தான். ஹோல்டெமில் பத்துப் பேருக்கு 20, பொதுவில் 5, ஆக 25 சீட்டுகளில் வேலை முடிகிறது. ஒரு மேசைக்குக் கூடுதலாக இரண்டு இருக்கை, இரண்டு வாடகை! இதைப் பலர் பேசுவதில்லை.

இம்மாற்றத்தில் அடிபட்டவர்கள் பழைய ஆட்டக்காரர்கள். உங்களிடம் ஒரே இனத்துச் சீட்டுகள் நான்கு இருக்கின்றன, ஐந்தாவது வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிராவில் ஒரு சீட்டைத்தான் மாற்றுகிறீர்கள். காணாத 47 இல் உதவுபவை 9. எனவே வாய்ப்பு 9/47, ஏறத்தாழ 19 சதவீதம். ஹோல்டெமில் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் திறந்தவுடன் இதே நிலை வந்தால், இன்னும் இரு சீட்டுகள் வர இருக்கின்றன. இரண்டும் தவறிப்போகும் வாய்ப்பு 38/47 ஐ 37/46 ஆல் பெருக்கினால் வரும். அது 65 சதவீதம். ஆகவே வெற்றி வாய்ப்பு 35 சதவீதம். ஐந்தில் ஒன்று என்றிருந்தது மூன்றில் ஒன்றுக்கும் சற்று அதிகமாகிவிட்டது! இருபது ஆண்டுப் பழக்கத்தில் அந்த நான்கு சீட்டுகளையும் மடக்கிப் போட்ட கை, புது ஆட்டத்தில் அவருக்கே எதிரியாயிற்று. நிகழ்தகவு பாடம் நடத்தும்போது இந்த உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்கள் 19 என்பதை உடனே சொல்லிவிடுவார்கள். 35 க்கு மட்டும் ஒரு நிமிடம் தயங்குவார்கள். (பணம் வைத்து ஆடும் வழக்கம் எனக்கில்லை.)

எண்ணிக்கை சிறிதானதால் ஆட்டம் எளிதாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பந்தயத் தொகைக்கு வரம்பு வைத்து இருவர் மட்டும் ஆடும் ஹோல்டெமுக்கு, கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015 இல் கணிப்பொறி கொண்டு தீர்வு கண்டனர். வாழ்நாள் முழுவதும் ஆடினாலும் அதன் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்னும் அளவுக்கு நுட்பமான தீர்வு அது. அதற்காக அவர்கள் கணக்கில் எடுத்த முடிவெடுக்கும் நிலைகள் 10 இன் 14 ஆம் அடுக்கு என்னும் அளவில் இருந்தன.

டிரா போக்கரும் அழிந்துவிடவில்லை. சூதாட்டக் கூடங்களில் மின்னணுத் திரையுடன் நிற்கும் போக்கர் இயந்திரங்களில் அது வாழ்கிறது. ஐந்து சீட்டு வரும், வேண்டாதவற்றை மாற்றிக்கொள்ளலாம். எதிரே ஆடுபவர் என்று அங்கே எவரும் இல்லை.