பாலியல் படித்தவர்கள்: ஒரு சின்ன வரலாறு

தலைப்பைப் பார்த்துவிட்டு வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இது வரலாறு, மக்களே!

எங்கள் சாகுபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படிக்கிறவர்கள் உண்டு. பி.காம். முடித்ததும் நானும் அப்படித்தான் படிப்பேன் போலிருக்கிறது. அமெரிக்காவில் நர்ஸ், ஆசிரியர், மனநல ஆலோசகர் போன்றவர்கள் இதே மாதிரி வேலையை விடாமல் மனிதப் பாலியலில் முதுகலைப் பட்டமே வாங்கலாம். "இதுக்கெல்லாம் ஒரு டிகிரியா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? இந்தியாவில் இந்தப் பாடத்தைத் தேடிப் படித்த மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலாமவர் பம்பாயில் இருந்த டாக்டர் ஏ.பி. பிள்ளை. பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் நடத்திவந்த பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே மாதம் நாஜிகள் சூறையாடி, அதன் புத்தகங்களை எரித்தார்கள். அடுத்த வருடமே, 1934-இல், பிள்ளை பம்பாயிலிருந்து 'மேரேஜ் ஹைஜீன்' என்ற ஆய்விதழைத் தொடங்கினார். அது சில வருடங்களில் நின்று, 1947-இல் மறுபடி வந்து, 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் செக்ஸாலஜி' என்று பெயர் மாறி, 1955 வரை ஓடியது. 'ஜி ஸ்பாட்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 'ஜி' எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் என்ற டாக்டரைக் குறிக்கும். அவருடைய கட்டுரை 1950-இல் அச்சானது நம்ம பம்பாய் இதழில்தான்!

பிள்ளை இதை ஆர்வத்தால் செய்தார். அடுத்தவருக்கு இது ஆய்வுத் தலைப்பாக வந்து சேர்ந்தது. 1985-இன் கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பில் இருந்தவர் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. இரண்டு குழந்தைகளின் தாய். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். பாலியல் தொழிலில் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரி எடுத்தார். 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு முதல் ஆதாரம் அதுதான். அதுவரை "அது வெளிநாட்டுக்காரன் நோய்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆனால் ஒன்று. எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது என்று விட்டுவிடலாம். ஆனால் எதிரில் இருப்பவரிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்பதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதிதானே?

மூன்றாமவர் டாக்டர் இல்லை, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். 2021-இல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், தாங்கள் காதலர்கள் என்றும் பாதுகாப்பு வேண்டும் என்றும் அவரிடம் வழக்குப் போட்டார்கள். தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று நீதிபதி வெளிப்படையாகச் சொன்னார். தீர்ப்புக்கு முன் ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார்! அதன் பிறகுதான் 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு வந்தது. தன்பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று சிகிச்சை தரக் கூடாது, போலீஸ், நீதித்துறை, ஆசிரியர்கள் எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. இவர்களைக் குறிக்கும் மரியாதையான சொற்களை அரசிதழே வெளியிட்டது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் பெண்-பெண் உறவை மறுபடி 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று சேர்த்தது. உச்ச நீதிமன்றம் 2018-இலேயே அதெல்லாம் குற்றம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். எழுதியவர்கள் படிக்காதவர்கள் இல்லை, படித்து முடித்து வேலையில் இருப்பவர்கள்.

அதனால்தான் இந்தப் படிப்பு பதினெட்டு வயதுப் பையன்களை விட வேலையில் இருப்பவர்களுக்கு அவசரமாகத் தேவை என்று நினைக்கிறேன். பயந்துபோய் ஒரு பெண் ஸ்டேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வரும்போது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதில்தான் அவள் வாழ்க்கை இருக்கிறது. நீதிபதியே மாணவராக உட்கார்ந்த பிறகு நமக்கு என்ன வெட்கம்?

உங்கள் கல்லூரியில் இதைப் பற்றி ஒரு வகுப்பாவது நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.