90 நாள் விதியின் வாசிப்பு: ரூட்டர் திறவுகோல் மாற்றமும் உத்திரமேரூர்ச் சான்றும்

ரூட்டர்கள் ஒன்றையொன்று நம்புவதற்கு வைத்திருக்கும் இரகசியத் திறவுகோலை எப்போது மாற்றுவது என்ற விவாதம், 2003இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3562 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தின் ஒரு பரிந்துரையையே சுற்றி வருகிறது. வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழிகளை அறிவிக்கும் பிஜிபி இணைப்புகளைக் காக்கும் டிசிபி எம்.டி.5 கையொப்பத்தின் திறவுகோலை 90 நாளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்கிறது அது. எதிரி திறவுகோலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மாற்றிவிட வேண்டும் என்ற கணித எல்லையாகவே இதைப் பலரும் படித்திருக்கிறார்கள். அந்த வாசிப்பு நிற்காது என்பதே என் துணிபு.

காரணம் ஆவணத்திலேயே இருக்கிறது. திறவுகோல் 12 முதல் 24 பைட் நீளம் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. எந்த ஒழுங்குமின்றித் தேர்ந்த 12 பைட் என்றால் 96 பிட். நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை முயலும் எதிரிக்கும், எல்லாத் திறவுகோல்களையும் சோதித்து முடிக்கச் சுமார் 250 கோடி ஆண்டு ஆகும். நீள விதியைப் பின்பற்றியவருக்குத் தேடலைத் தடுக்க 90 நாள் கெடு தேவையே இல்லை. நடைமுறையில் எளிய சொற்களைத்தானே திறவுகோலாக வைக்கிறார்கள் எனலாம். அப்படியானால் அகராதித் தேடலுக்கு ஒரு பொழுது போதும். 90 நாள் மிக அதிகம். இரு வழியிலும் கணிதம் அந்த எண்ணுக்குத் துணைவரவில்லை.

அப்படியானால் அது எதைக் காக்கிறது? அதே ஆவணம், ஒரு திறவுகோலைப் பல அண்டை வலையமைப்புகளுடன் பகிரக் கூடாது என்கிறது. அந்த வரியின் அருகில் வைத்துப் பார்த்தால், கவலை திறவுகோலை அறிந்த மனிதர்களின் தொகை பற்றியது என்றே தோன்றுகிறது. ஆசிரியரின் மனத்தை அறுதியிட முடியாது; ஆனால் பின்வந்தவை இந்தத் திசையில்தான் செல்கின்றன. 2013இல் வந்த ஆர்.எஃப்.சி. 6862, வேலையிலிருந்து நீங்கியவர் கையில் தங்கிவிடும் திறவுகோலை ஓர் அச்சுறுத்தலாகவே கருதுகிறது.

மனிதர் கையில் உள்ள பொறுப்புக்குக் கெடு வைப்பது எப்படி என்பதற்கு, உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் துணைக்கு அழைக்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்து அந்த ஊர்ச் சபை, வாரியம் எனும் குழுக்களின் உறுப்பினருக்கு 360 நாள் தவணை வைத்தது. முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவரை விலக்கியது. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலைத் தேர்வில் சேர்க்கவில்லை. இவற்றைவிட நம் வழக்குக்கு முக்கியமானது வேறொரு விதி: பதவியில் இருப்பவரிடம் குற்றம் கண்டால் தவணை முடியும்வரை காத்திராமல் அவரை நீக்க வேண்டும். தவணை என்பது உச்சவரம்பு. மாற்றத்தைக் கோருவது நிகழ்வு. 90 நாளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். பத்தாம் நாளில் ஒரு பொறியாளர் விலகினால், எஞ்சிய 80 நாளும் அந்தத் திறவுகோல் பாதுகாப்பற்றது.

கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றவைக்க வேண்டாம் என்ற 2017ஆம் ஆண்டு அமெரிக்கத் தர நிறுவன வழிகாட்டியைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டுவர். அது மனிதர் மனப்பாடமாக வைத்திருப்பவற்றைப் பற்றியது, இங்கே பொருந்தாது.

உண்மையான தடை வேறு. எம்.டி.5 கையொப்பத்தில் எந்தத் திறவுகோல் பயன்பட்டது என்று காட்டும் அடையாள எண் இல்லை. இருபுறமும் ஒரே நேரத்தில் மாற்றாவிட்டால் இணைப்பு அறுந்து, வழிகள் திரும்பப் பெறப்படும். அந்த அச்சத்தால் பலர் மாற்றுவதே இல்லை. 2007இல் ஆர்.எஃப்.சி. 4808, பழையதும் புதியதுமான இரு திறவுகோல்களையும் சிறிது காலம் ஏற்றுக்கொள்ளும் வழியைச் சொன்னது. எம்.டி.5 கையொப்பத்துக்கு மாற்றாக 2010இல் வந்த டிசிபி-ஏஓ அடையாள எண்ணையே சேர்த்துவிட்டது. ஒரே வலையமைப்புக்குள் வழிகளைப் பகிரும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையிலோ 1998இலேயே ஒவ்வொரு திறவுகோலுக்கும் நான்கு நேரங்கள் வகுக்கப்பட்டிருந்தன: அனுப்பத் தொடங்க, நிறுத்த, ஏற்கத் தொடங்க, நிறுத்த. ஆக, விலகல் நேர்ந்த அன்றே மாற்றுவதற்குத் தொழில்நுட்பம் இனித் தடையல்ல.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பணி, பாலாற்றங்கரைப் பழையசீவரம் போன்ற ஊர்களுக்கானது. ஒப்பந்தப் பணியாளர் வந்துபோகும் இத்தகைய வலையமைப்புகளில் நாட்காட்டியை நம்பி இருப்பது ஆபத்து. இவற்றை நடத்துவோர், பணியாளர் விடுவிப்பு ஆணையில் கையெழுத்திடும் முன் அவர் அறிந்த திறவுகோல்கள் மாற்றப்பட்டதற்கான பதிவைக் கட்டாயமாக்க வேண்டும்.