அந்நியன்னா யாரு?

ஐரிஷ் மொழியில 'கால்'னு ஒரு சொல் இருக்கு. நம்ம கை, கால் இல்லீங்க. கானா பாட்டுல வர்ற 'கா' மாதிரி அழுத்திப் படிங்க :-)

அர்த்தம், அந்நியன். ஆனா அந்த அந்நியன் யாருங்கறதுதான் காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே வந்திருக்கு.

முதல்ல அது இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த கால் இனத்தவரைக் குறிச்ச பேர். 795ல் வைக்கிங் கொள்ளையர்கள் வந்து மடாலயங்களைச் சூறையாட ஆரம்பிச்சதும், பேர் அவங்களுக்குப் போயிடுச்சு. டப்ளினுக்கு வடக்கே இருக்கற ஃபிங்கல், வடமேற்கே இருக்கற டொனிகால் ரெண்டு ஊர்ப் பேர்லயும் இந்தக் 'கால்' ஒளிஞ்சிருக்கு. டொனிகால்னா 'அந்நியர் கோட்டை'. தமாஷ் என்னன்னா, இன்னைக்கும் ஐரிஷ் பேச்சு உயிரோட இருக்கற முக்கியமான பகுதிகள்ல அதுவும் ஒண்ணு!

1169ல் நார்மன்கள் வந்தாங்க. இப்ப அவங்க 'கால்'. ஆனா வந்தவங்க உள்ளூர்ல பொண்ணெடுத்து, ஐரிஷ் பேசி, அப்படியே கலந்துட்டாங்க. 1366ல் கில்கென்னியில, ஆங்கிலேயக் குடியேறிகள் ஐரிஷ் பேசக்கூடாது, ஐரிஷ்காரங்களைக் கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. சட்டம் போடற அளவுக்குப் போயிருக்குன்னா பாத்துக்குங்க.

அப்புறம் 16, 17ஆம் நூற்றாண்டுகள்ல புராட்டஸ்டண்ட் ஆங்கிலேயர்கள் புதுசா வந்து நிலத்தைப் பிடிச்சாங்க. அவங்க 'நுவ கால்', புது அந்நியர். நார்மன் வம்சத்துக்காரங்க 'ஷான் கால்', பழைய அந்நியர். நானூறு வருஷத்துக்கு மேல ஆகியும் 'அந்நியர்' மட்டும் போகலை. கத்தோலிக்கர்ங்கறதால லண்டனும் அவங்களை நம்பலை.

அந்தப் பழைய அந்நியர் வம்சத்துல வந்த பாதிரியார்தான் டிப்பரரியைச் சேர்ந்த ஜெஃப்ரி கீட்டிங். 1634 வாக்கில் அயர்லாந்தின் வரலாற்றை ஐரிஷ் மொழியிலேயே எழுதினார். பழைய குடிகளான கேல்களையும் தன்னை மாதிரி ஆட்களையும் சேர்த்து அவர் சொன்ன பேர் 'ஏரனாக்', அதாவது அயர்லாந்துக்காரர். ரத்தம் எதுவானாலும் பரவாயில்லை, மண்ணும் மதமும் ஒண்ணுன்னு கணக்கு.

அழகான முடிவுதான். ஆனா அதே கணக்கு புது அந்நியர்களை வெளியே நிறுத்திடுச்சு. ஒரு வேலி விழுந்த இடத்துலயே இன்னொரு வேலி. அந்த மத வேலிக்கு அயர்லாந்து அப்புறம் கொடுத்த விலை ரொம்பப் பெருசு.

அயர்லாந்துல டாய்ல்ங்கற குடும்பப் பேர் ரொம்ப சகஜம். அர்த்தம், 'கறுப்பு அந்நியனின் வழிவந்தவன்'. வால்ஷ்னா வேல்ஸ்காரன். இன்னைக்கு ஒரு டாய்லைப் பார்த்து "நீங்க வெளியூரா?"ன்னு கேட்டுப் பாருங்க, முறைப்பார் :-)