ஆபரேஷனுக்கு முன் ஷேவிங் செய்யணுமா? ரேசர் ஏன் ஆபத்து?

ஹெர்னியாவோ சிசேரியனோ, முந்தின நாள் ராத்திரியே பிளேடு போட்டு முடியைச் சுத்தமாக எடுத்துவிட்டால்தான் கிருமி அண்டாது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. சேத்தியாத்தோப்பிலிருந்து நெய்வேலிக்கோ சிதம்பரத்துக்கோ அட்மிட் ஆகக் கிளம்பும்போது, துண்டு, சோப்போடு ரேசரையும் பையில் வைப்பவரா நீங்கள்? அதை வீட்டிலேயே விட்டுடுங்க.

காரணம் இதுதான். ரேசர் முடியை மட்டும் எடுப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத கீறல்களையும் போடுகிறது. நம் தோலிலேயே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு அந்தக் கீறல் திறந்த கதவு. நேரம் போகப் போக அங்கே அது பெருகும். அதனால்தான் "முதல் நாளே ஷேவிங்" மிக மோசமான வழி.

1971-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ரேசரால் மழித்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று. க்ரீம் பயன்படுத்தியவர்கள், முடியே எடுக்காதவர்களிடம் அது வெறும் 0.6 சதவீதம். ஆபரேஷனுக்குச் சற்று முன் மழித்தபோது 3.1 சதவீதமாக இருந்த தொற்று, 24 மணி நேரத்துக்கும் முன்பே மழித்தவர்களிடம் 20 சதவீதத்தைத் தாண்டியது. பழைய ஆய்வுதான். ஆனால் 2021-ல் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளை அலசியபோதும் ரேசர்தான் பின்தங்கியது.

அப்போ எது நல்லது? முடியை எடுக்காமலே விடுவதுதான் முதல் சாய்ஸ். தையல் போடவோ பிளாஸ்டர் ஒட்டவோ முடி இடைஞ்சல் என்றால் மட்டும் கிளிப்பர், அதாவது மருத்துவமனை ட்ரிம்மர். இது தோலை ஒட்ட மழிக்காமல் முடியைக் கத்தரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஷேவிங் எப்போதுமே கூடாது என்கிறது. கிளிப்பரின் பிளேடு ஒவ்வொரு நோயாளிக்கும் புதுசாகவோ கிருமி நீக்கியதாகவோ இருக்கணும். தாடிக்குப் போடும் வீட்டு ட்ரிம்மர் இதற்கு ஆகாது.

முடி நீக்கும் க்ரீம் தோலைக் கீறாது. ஆனால் சிலருக்கு அரிப்பு, தடிப்பு வரும். அப்படி வந்தால் ஆபரேஷனே தள்ளிப்போகலாம். டாக்டர் சொல்லாமல் தடவ வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தொற்று அபாயம் ஏற்கெனவே அதிகம் என்பதால் கூடுதல் கவனம் தேவை. "ட்ரிம்மர்லயே எடுத்துடுங்க சிஸ்டர்" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஏற்கெனவே வீட்டில் மழித்து, வெட்டோ கொப்புளமோ இருந்தால் மறைக்காமல் அட்மிஷனின்போதே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனை அன்றைக்கே செய்வதா, தள்ளிப்போடுவதா என்பதை சர்ஜன் பார்த்து முடிவு செய்வார்.